எவ்வளவு இறுக்கினால் போதும்? சிலிண்டர் ஹெட் போல்ட்டின் கதை

லாரி எஞ்சினையோ, வயலில் நீர் இறைக்கும் டீசல் எஞ்சினையோ பிரித்துப் புதுப்பிக்கும் பட்டறைப் பக்கம் நீங்கள் போயிருந்தால் இதைக் கண்டிருப்பீர்கள். பிஸ்டன், வளையங்கள், வால்வுகள் எல்லாம் பொருத்தி முடிந்தபின், சிலிண்டர் பிளாக்கின் மேல் ஒரு மெல்லிய கேஸ்கெட்டை வைத்து, அதன்மீது கனத்த சிலிண்டர் ஹெட்டை இறக்குவார்கள். பிறகு போல்ட்டுகளை இறுக்கத் தொடங்குவார்கள். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டு வேலை செய்த மெக்கானிக் அந்தச் சில நிமிடங்களில் பேசமாட்டார். நடுவிலுள்ள போல்ட்டை முதலில் சிறிது இறுக்குவார். அடுத்து அதற்கு எதிரே உள்ளதை. பிறகு பக்கங்களுக்குப் போவார். ஒரு சுற்று முடிந்ததும் மீண்டும் நடுவிலிருந்து தொடங்குவார்.

அவர் கவலைக்குக் காரணம் உண்டு. இறுக்கம் குறைந்தால் எரிந்த வாயு கேஸ்கெட்டை அரித்துக்கொண்டு வெளியேறும். குளிர்விக்கும் நீர் எண்ணெயோடு கலந்து, எண்ணெய் பால் விட்ட தேநீரின் நிறத்துக்கு மாறும். அந்த எண்ணெயில் ஓடும் பேரிங்குகள் சில நாளில் கெடும். இறுக்கம் மிகுந்தால் போல்ட் முறியும், அல்லது பிளாக்கிலுள்ள மரை பிய்ந்து வரும். இரண்டில் எது நேர்ந்தாலும் அத்தனை வேலையும் செலவும் வீண். நடவு நேரத்தில் நீர் இறைக்கும் எஞ்சின் இப்படி நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் ‘சரியான இறுக்கம்’ என்பது எது? அதை எப்படி அளப்பது? எளிய கேள்வியாகத் தோன்றும் இதற்கு விடை தேட, பொறியியலாருக்குக் குடிநீர்க் குழாய், மோட்டார் கார், இரயில்வே அச்சு, இரும்புப் பாலம், கப்பல் எஞ்சின் என்று பல இடங்களைச் சுற்றிவர நேர்ந்தது.

போல்ட் ஒரு சுருள்வில்

முதலில் ஒரு செய்தியை மனத்தில் கொள்ளுங்கள். போல்ட் இரண்டு பொருள்களை ‘ஒட்டி’ வைப்பதில்லை. அதை இறுக்கும்போது அது நீள்கிறது. நீண்ட போல்ட் தன் பழைய நீளத்துக்குத் திரும்ப முயல்கிறது. அந்த முயற்சிதான் ஹெட்டைப் பிளாக்கோடு அழுத்திப் பிடிக்கும் விசை. உருவில் தடித்த எஃகுத் தண்டாக இருந்தாலும், வேலையில் அது ஒரு சுருள்வில்லே.

எவ்வளவு நீள்கிறது? 12 மில்லிமீட்டர் விட்டமும் 100 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஓர் எஃகு போல்ட்டில் ஏறத்தாழ 4 டன் இழுவிசை ஏற்றினால் அது கால் மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். மூன்று தலைமயிர்களை அடுக்கிவைத்த பருமன்! கண்ணுக்குத் தெரியாத இந்தச் சின்னஞ்சிறு நீட்சியில்தான் எஞ்சினின் நலம் அடங்கியிருக்கிறது.

நீட்சிக்கும் விசைக்கும் உள்ள இந்த உறவை முதலில் கூறியவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். 1676இல் தம் கண்டுபிடிப்பை, எழுத்துகளைக் குலைத்து அடுக்கிய ஒரு புதிராக அவர் வெளியிட்டார்; பிறர் தமக்குமுன் உரிமை கொண்டாடிவிடக் கூடாதே என்ற கவலை! 1678இல் விடையையும் வெளியிட்டார். நீட்சி எவ்வளவோ அவ்வளவு விசை என்பதே அதன் சாரம். பள்ளி ஆய்வகத்தில் சுருள்வில்லில் எடைகளைத் தொங்கவிட்டு நீங்கள் சரிபார்த்த அதே ஹூக் விதிதான்.

ஆகவே போல்ட்டின் நீட்சியை அளந்தால் இழுவிசை தெரிந்துவிடும். ஆனால் ஹெட் போல்ட்டின் ஒரு முனை பிளாக்குக்குள் புதைந்து கிடக்கிறது. அதன் நீளத்தை எந்த அளவுகோலால் அளப்பது? வெளியே தெரிவது தலை மட்டுமே. அந்தத் தலையைத் திருப்புவதிலிருந்து உள்ளே நிகழும் நீட்சியை ஊகித்தறிய வேண்டும். நாம் காணப்போகும் வரலாறு முழுவதும் இந்த ஊகத்தைத் திருத்திய கதை எனலாம்.

கழற்றக்கூடிய ஹெட்

மோட்டார் கார்களின் தொடக்க காலத்தில் இந்தச் சிக்கல் பெரிதாக எழவில்லை. பல எஞ்சின்களில் சிலிண்டரும் அதன் மூடியும் ஒரே வார்ப்பாக வார்க்கப்பட்டன. இணைப்பே இல்லாத இடத்தில் கசிவு ஏது? ஆனால் உள்ளே படியும் கரியைச் சுரண்டவும் வால்வுகளைத் தேய்த்துச் சரிசெய்யவும் பெரும்பாடு பட வேண்டியிருந்தது.

1908இல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு வெளியிட்ட ‘மாடல் டி’ காரில் நான்கு சிலிண்டர்களும் ஒரே பிளாக்காக வார்க்கப்பட்டு, அவற்றின்மேல் கழற்றக்கூடிய ஒரே ஹெட் 15 போல்ட்டுகளால் பொருத்தப்பட்டது. இடையே செம்புத் தகடும் கல்நாரும் சேர்ந்த கேஸ்கெட். உழவரும் சிற்றூர்க் கொல்லரும் தாமே ஹெட்டைக் கழற்றிக் கரி நீக்க முடிந்தது. 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் அப்படி ஓடின.

அந்தக் காரோடு வந்த கையேட்டில் போல்ட்டுகளைப் பற்றிய அறிவுரை எளிமையானது: ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகச் சமமாக இறுக்குங்கள், ஒரு முனையை முழுதும் இறுக்கிவிட்டு மறுமுனைக்குப் போகாதீர்கள். எவ்வளவு இறுக்குவது என்பதற்கு எண் ஏதும் கிடையாது. கையின் உணர்வே அளவுகோல். அதில் பெருந்தீங்கும் விளையவில்லை. ஏனெனில் மாடல் டியின் அமுக்க விகிதம் 4 அல்லது அதற்குச் சற்று மேல். உள்ளே எழுந்த அழுத்தம் இன்றைய எஞ்சின்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

கையுணர்வை இகழ வேண்டாம். தேர்ந்த மெக்கானிக்கின் கை வியப்புக்குரிய கருவி. ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. சிறிய போல்ட், பெரிய போல்ட் இரண்டையும் கை ஏறத்தாழ ஒரே முயற்சியோடு இறுக்கப் பார்க்கிறது. அதனால் சிறியவை முறிகின்றன. பெரியவை தளர்வாக நின்றுவிடுகின்றன. மேலும் காலையில் முதல் போல்ட்டை இறுக்கிய கையும் மாலையில் களைத்துப்போய்ப் பதினைந்தாவதை இறுக்கும் கையும் ஒன்றல்ல.

குழாயில் பிறந்த கருவி

இந்தக் குறையால் எரிச்சலுற்றவர்களுள் ஒருவர் நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் பணியாற்றிய கான்ராட் பார். நிலத்தடிக் குழாய்களின் விளிம்புகளை இணைக்கும் போல்ட்டுகள் ஒன்று மிகுதியாகவும் ஒன்று குறைவாகவும் இறுக்கப்பட்டிருப்பதை அவர் கண்டுவந்தார். அளவு மீறாமல் இறுக்கும் ஒரு கருவியை 1918ஆம் ஆண்டிலேயே தாம் அமைத்ததாக அவர் பின்னாளில் கூறினார். ஆனால் காப்புரிமை வரலாற்றில் முந்திக்கொண்டவர் சிகாகோவைச் சேர்ந்த ஜான் ஷார்ப். அவர் 1931இல் விண்ணப்பித்தார். பாரும் அவருடைய கூட்டாளி ஜார்ஜ் ஃபெஃபர்லியும் 1935இல் உரிமை கோரிய கருவி, குறித்த அளவை எட்டியதும் ஒலியெழுப்பித் தெரிவிக்கும் வகை. 1938இல் பால் ஸ்டர்ட்டிவன்ட் என்பவர் காப்புரிமை பெற்ற கருவி இன்னும் எளியது. அது கடைகளுக்கும் விற்பனைக்கு வந்தது. இவற்றைத்தான் நாம் இன்று ‘டார்க் ரெஞ்ச்’ என்கிறோம். முறுக்குவிசையை அளக்கும் ஸ்பானர் என்று பொருள் கொள்ளலாம்.

மோட்டார் தொழிலுக்கும் அது தேவைப்பட்ட காலம் அது. 1923இல் ஈயச் சேர்மம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தபின் அமுக்க விகிதத்தை உயர்த்த வழி பிறந்தது. (அந்த ஈயம் காற்றை நஞ்சாக்கியதும், அதைச் சாலைகளிலிருந்து உலகெங்கும் நீக்க 2021 வரை ஆனதும் தனிக் கதை.) விகிதம் உயர உயர, உள்ளே எழும் அழுத்தமும் உயர்ந்தது. மாடல் டி காலத்துக் கையுணர்வு இனிப் போதவில்லை. எஞ்சின் கையேடுகளில் எண்கள் தோன்றின.

எளிய டார்க் ரெஞ்சின் அமைப்பைப் பாருங்கள். நீண்ட எஃகுத் தண்டு ஒன்று கைப்பிடியாகிறது. நீங்கள் இழுக்கும்போது அது சற்றே வளைகிறது. அதன் தலையில் பொருத்திய முள் வளையாமல் நேராக நிற்கிறது. தண்டு எவ்வளவு வளைந்தது என்பதை முள் அளவுத் தகட்டில் காட்டுகிறது. வளைவு எவ்வளவோ அவ்வளவு விசை. இங்கும் ஹூக் விதிதான்! நமக்கு வேண்டியது போல்ட்டின் நீட்சி. கருவி காட்டுவது கைப்பிடியின் வளைவு. இரண்டும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை என்றாலும், இரண்டுக்கும் நடுவே ஒரு மூன்றாமவர் நுழைந்துவிடுகிறார். அவர் பெயர் உராய்வு.

பங்கு பிரிக்கும் உராய்வு

நீங்கள் அரை மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் முனையில் 20 கிலோகிராம் எடைக்குச் சமமாக இழுப்பதாக வைத்துக்கொள்வோம். அதாவது ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. உராய்வே இல்லாத உலகில், நாம் முன்பு பார்த்த 12 மில்லிமீட்டர் போல்ட்டில் இது 36 டன் இழுவிசையை உண்டாக்கும். போல்ட் எப்போதோ அறுந்திருக்கும். மெய்யுலகில் கிடைப்பது 4 டன் அளவுதான். மீதி எங்கே போயிற்று? நீங்கள் கொடுத்த முறுக்குவிசையில் ஏறத்தாழ பாதி போல்ட் தலையின் அடிப்பரப்பு உரசுவதிலும், 40 விழுக்காடு மரைகள் உரசுவதிலும் செலவாகிவிடுகிறது. போல்ட்டை நீட்ட எஞ்சுவது 10 விழுக்காடு மட்டுமே.

உராய்வு எல்லாப் போல்ட்டுக்கும் எப்போதும் ஒரே அளவாக இருந்தால் குறையில்லை. ஆனால் அது துருவுக்கு ஒரு விதம், எண்ணெய்க்கு ஒரு விதம், புதிய மரைக்கு ஒரு விதம், தேய்ந்த மரைக்கு ஒரு விதம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பங்கில் 90 உராய்வு, 10 பயன். எண்ணெயிட்டதால் உராய்வு மூன்றில் ஒரு பங்கு குறைந்து 60 ஆகிறது என்க. முன்பு 100 பங்கு கேட்ட அதே இழுவிசை இப்போது 70 பங்கிலேயே கிடைத்துவிடும். நீங்களோ கையேட்டை நம்பி 100 வரை இழுப்பீர்கள். போல்ட்டில் 40 விழுக்காட்டுக்கும் மேல் மிகுதியான இழுவிசை ஏறிவிடும். மாறாகத் துருவும் கரியும் அடைத்த மரையில் அதே 100 பங்கு இழுத்தாலும் போல்ட் தேவையான அளவு நீளாது. ரெஞ்சின் முள்ளோ இரண்டு வேளையிலும் ஒரே எண்ணைக் காட்டி நிற்கும்.

டார்க் ரெஞ்சைக் கவனத்தோடு கையாண்டாலும் போல்ட்டுக்குப் போல்ட் இழுவிசை 25 முதல் 30 விழுக்காடு வரை கூடவோ குறையவோ செய்யும் என்பது பொறியியல் நூல்கள் ஒப்புக்கொண்ட செய்தி. கருவி துல்லியமானதுதான், அது அளப்பது வேறொன்று என்பதே சிக்கல்.

எஞ்சின் கையேட்டில் மரையைத் துப்புரவு செய்யுங்கள், இந்த எண்ணெயைத் தடவுங்கள், அல்லது உலர்ந்தபடியே பொருத்துங்கள் என்றெல்லாம் எழுதியிருப்பதைப் பலர் சடங்காக எண்ணித் தாண்டிவிடுகிறார்கள். அது சடங்கன்று, அச்சிட்ட எண் எந்த உராய்வுக்கு உரியது என்ற குறிப்பு. இன்னொரு ஆபத்தும் உண்டு. அடிமூடிய துளையில் எண்ணெயோ நீரோ தேங்கியிருக்க அதில் போல்ட்டைத் திருகினால், அமுங்க மறுக்கும் அந்தத் திரவம் வார்ப்பிரும்புப் பிளாக்கையே விரிசல் காணச் செய்துவிடும். இறுக்கும்போது பாதியில் நின்று நின்று இழுப்பதும் கூடாது. நின்ற போல்ட்டை மீண்டும் நகர்த்த மிகுதியான உராய்வை வெல்ல வேண்டும். போல்ட் நகருமுன்னரே ரெஞ்ச் ‘போதும்’ என்று சொல்லிவிடும்.

தளர்ந்ததே முறியும்

இங்கே சிலர் கேட்கலாம்: இத்தனை தொல்லை எதற்கு, இழுவிசை சற்றுக் குறைவாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே, போல்ட்டுக்குச் சுமை குறையுமே என்று. நியாயமாகத் தோன்றும் இந்த எண்ணம் தவறு. அதை உணர்த்தியவை இரயில் பெட்டிகளின் அச்சுகள்.

1842இல் பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிசுக்கு வந்த இரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து பெரும் விபத்து நேர்ந்தது. நல்ல இரும்பு, பளுவும் அளவு மீறவில்லை, பின் ஏன் முறிந்தது? அடுத்த ஆண்டுகளில் பிரஷ்ய இரயில்வேயைச் சேர்ந்த ஆகஸ்ட் வோலர் பல்லாண்டுக் காலம் சோதனைகள் நடத்தி, பளு மீண்டும் மீண்டும் ஏறியிறங்கினால் உலோகம் களைத்து முறிகிறது என்பதை நிறுவினார். நிலையான பெரிய பளுவைத் தாங்கும் எஃகு, அதைவிடச் சிறிய, ஆனால் ஓயாமல் ஏறியிறங்கும் பளுவில் முறிந்துவிடும்.

எஞ்சினில் ஏறியிறங்கும் பளுவுக்குப் பஞ்சமா? 95 மில்லிமீட்டர் விட்டமுள்ள டீசல் சிலிண்டரில், எரியும்போது சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோகிராம் அழுத்தம் எழுந்தால், ஹெட்டை மேலே தள்ளும் விசை 5 டன். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் இந்த அடி நொடிக்கு 25 முறை விழும். இன்றைய டீசல் கார்களில் அழுத்தம் 160ஐயும் தாண்டுகிறது. அதே விட்டமென்றால் 11 டன்!

இந்த அடி போல்ட்டை ஏன் களைக்கச் செய்வதில்லை? நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு சுருள்வில் தராசைத் தொங்கவிடுங்கள். கொக்கியை 10 கிலோ காட்டும்வரை கீழே இழுத்து, தராசின் உடலுக்கும் கொக்கிக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுங்கள். கையை எடுத்தாலும் முள் 10இல் நிற்கும். வில் கட்டையை 10 கிலோ விசையோடு அழுத்திக்கொண்டிருக்கிறது. இப்போது கொக்கியில் 5 கிலோ எடையை மாட்டுங்கள். முள் 15க்குப் போகுமா? போகாது, 10இலேயே நிற்கும். கட்டையின்மேல் இருந்த அழுத்தம்தான் 5 ஆகக் குறைந்தது. எடையை எத்தனை முறை மாட்டிக் கழற்றினாலும் வில்லுக்கு அது தெரியவே தெரியாது. 12 கிலோவை மாட்டினால்தான் கட்டை விழும், முள்ளும் நகரும்.

வில் தான் போல்ட். கட்டை ஹெட்டும் கேஸ்கெட்டும். நான்கு போல்ட்டுகள் தலா 4 டன்னாக 16 டன் அழுத்திப் பிடித்திருக்கும்போது, 5 டன் அடி போல்ட்டைப் பெரும்பாலும் எட்டுவதில்லை. (ஹெட்டும் கேஸ்கெட்டும் மரக்கட்டையைப் போல் முற்றிலும் விறைப்பானவை அல்லவாகையால் சிறு பங்கு எட்டும்.) தளர்வாக இறுக்கிய போல்ட்டோ ஒவ்வோர் அடியையும் முழுதாக வாங்கிக்கொண்டு, நொடிக்கு 25 முறை நீண்டு சுருங்கி, ஒருநாள் முறியும். முறிந்த போல்ட்டைக் கண்டு ‘அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள்’ என்று சொல்லுமுன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாலம் காட்டிய வழி

இனி எஞ்சினை விட்டுச் சற்று இரும்புப் பாலங்களின் பக்கம் வாருங்கள். ஏனெனில் உராய்வின் பிடியிலிருந்து தப்பும் வழி அங்கேதான் முதலில் புலப்பட்டது.

முற்காலப் பாலங்கள் செந்நெருப்பாகக் காய்ச்சிய ரிவிட் ஆணிகளால் இணைக்கப்பட்டன. ஆறும்போது ரிவிட் சுருங்கித் தகடுகளை இறுக்கிப் பிடிக்கும். 1934இல் இங்கிலாந்தில் பாத்தோ, பேட்மன் என்ற இருவர், உயர்வலிமை போல்ட்டுகளை நன்கு இறுக்கினால் அவற்றையும் கட்டடங்களுக்குப் பயன்படுத்தலாம் என்று காட்டினர். 1938இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் வில்சன், தாமஸ் ஆகியோர் களைப்புச் சோதனை நடத்தி, நன்கு இறுக்கிய போல்ட் ரிவிட்டுக்குக் குறைந்ததன்று எனக் கண்டனர். நன்கு இறுக்கிய என்ற சொல்லைக் கவனியுங்கள். போருக்குப்பின் 1947இல் இதற்கென ஓர் ஆய்வுக் குழு அமைந்தது. 1951இல் அதன் முதல் விதிமுறை வெளியாயிற்று.

ஆனால் பாலத்தின் உச்சியில், மழையிலும் புழுதியிலும் கிடந்த போல்ட்டுகளில் முறுக்குவிசை எண்ணை நம்புவது எப்படி? அங்கே ஒரு புதிய எண்ணம் பிறந்தது. முறுக்குவிசையை விட்டுவிடுவோம், நட்டை எவ்வளவு தூரம் திருப்பினோம் என்று பார்ப்போம். தகடுகள் ஒன்றோடொன்று படியும்வரை முதலில் இறுக்கு; பிறகு அரைச் சுற்றுத் திருப்பு. அவ்வளவுதான். மரை ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னேறும் என்பது அதை வெட்டும்போதே தீர்மானமாகிவிட்டது. எண்ணெய் இருந்தாலும் துரு இருந்தாலும் அரைச் சுற்று அரைச் சுற்றே. உராய்வு மிகுந்தால் உங்கள் தோள் வலிக்குமே தவிர, போல்ட்டின் நீட்சி மாறாது.

இந்த முறை 1960இல் விதிமுறையில் இடம்பெற்றது. இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. முதலில் படியும்வரை இறுக்குவது என்பதற்கு அவர்கள் தந்த விளக்கங்களுள் ஒன்று, சாதாரண ஸ்பானரால் ஒரு மனிதன் தன் முழுப் பலத்தோடு இறுக்கும் நிலை என்பது. அளவி வந்து ஓரம்கட்டிய மனிதக் கை மீண்டும் விதிமுறைக்குள் நுழைந்துவிட்டது!

எஞ்சினுக்கு வந்த கோணம்

1970களிலும் 1980களிலும் இதே எண்ணம் சிலிண்டர் ஹெட்டுக்கு வந்தது. இன்றைய கையேடுகளில் ‘இத்தனை நியூட்டன் மீட்டர் இறுக்கு, பிறகு 90 பாகை திருப்பு, மீண்டும் 90 பாகை திருப்பு’ என்று கண்டிருப்பீர்கள். முதல் எண் ஹெட்டைப் படியவைக்க. கோணங்களே போல்ட்டை நீட்ட.

நம் 12 மில்லிமீட்டர் போல்ட்டின் மரையிடைத் தூரம் 1.75 மில்லிமீட்டர். கால் சுற்று, அதாவது 90 பாகை திருப்பினால் அது 0.44 மில்லிமீட்டர் முன்னேறும். ஹெட்டும் கேஸ்கெட்டும் சிறிதும் அமுங்காவிட்டால் இந்த 0.44 முழுதும் போல்ட்டின் நீட்சியாகும். 100 மில்லிமீட்டர் நீளமுள்ள உயர்வலிமை போல்ட் மீட்சி எல்லையை எட்டுவதும் ஏறத்தாழ இதே நீட்சியில்தான். அப்போது அதில் உள்ள இழுவிசை 8 டன், இரண்டு யானைகளின் எடை. மெய்யாகவே ஹெட்டும் கேஸ்கெட்டும் அமுங்கி ஒரு பங்கை எடுத்துக்கொள்வதால்தான் இரண்டாவது 90 பாகை தேவையாகிறது.

மீட்சி எல்லையைத் தொடுவதா, தாண்டுவதா? நம் பள்ளிப் பாடத்தில் அது அபாயக் கோடு அல்லவா? ஆனால் சில போல்ட்டுகள் வேண்டுமென்றே அந்தக் கோட்டுக்குச் சற்று அப்பால் வரை நீட்டப்படுகின்றன. எல்லைக்குள் இருக்கும்போது நீட்சியில் சிறு பிழை நேர்ந்தாலும் இழுவிசை அதற்கேற்ப மாறிவிடும். எல்லையைத் தாண்டியபின் போல்ட் மேலும் சிறிது நீண்டாலும் இழுவிசை பெரும்பாலும் அதே அளவில் நிற்கிறது. 85 பாகை திருப்பினாலும் 95 பாகை திருப்பினாலும் பிடிப்பு ஏறத்தாழ ஒன்றே. ஹெட்டிலுள்ள எல்லாப் போல்ட்டுகளும் ஒரே விசையோடு பிடிக்க இதைவிட எளிய வழி கிடைப்பது அரிது. தொழிற்சாலைகளில் மின்பொறிகள் முறுக்குவிசையையும் கோணத்தையும் ஒருங்கே கணிப்பொறிக்குச் சொல்லி, போல்ட் இளகத் தொடங்கும் அந்தக் கணத்திலேயே நின்றுவிடுகின்றன.

இதற்கு விலை உண்டு. அவ்வாறு நீண்ட போல்ட் பழைய நீளத்துக்கு முழுதும் திரும்பாது. ஆகவே ஹெட்டைக் கழற்றினால் புதிய போல்ட்டுகளைப் போட வேண்டும், அல்லது நீளத்தை அளந்து கையேடு தரும் எல்லைக்குள் இருந்தால் மட்டும் பயன்படுத்த வேண்டும். பார்வைக்குப் புதிது போலவே இருக்கிறதே என்று பழையவற்றையே மாட்டிச் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்போர் உண்டு. ஓவர்ஹாலுக்குப் பல ஆயிரம் செலவிட்டபின் செய்யும் இந்தச் சிக்கனம் எனக்குப் புரிவதில்லை.

வெப்பம், வரிசை, பொறுமை

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் இன்னொரு மாறுதல் நேர்கிறது. இன்று பல ஹெட்டுகள் அலுமினியம், போல்ட்டோ எஃகு. சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் இரு மடங்கு விரியும். 100 மில்லிமீட்டர் உயரமுள்ள ஹெட் 80 பாகை செல்சியஸ் சூடேறினால், போல்ட்டைவிட அது 0.09 மில்லிமீட்டர் கூடுதலாக விரியும். குளிர்ந்த நிலையில் கால் மில்லிமீட்டர் நீண்டிருந்த போல்ட்டுக்கு இது சிறிய சேர்க்கை அன்று. அந்த நெருக்கலில் கேஸ்கெட் நசுங்குகிறது. எஞ்சின் ஆறியதும் முன்பிருந்த இறுக்கம் இராது. கல்நார் கேஸ்கெட் காலத்தில், சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஹெட்டை மறுபடி இறுக்கியே ஆக வேண்டியிருந்தது அதனால்தான். கல்நாரின் தீங்கு உணரப்பட்டுப் பல நாடுகளில் அது விலக்கப்பட்டபின், மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கிய கேஸ்கெட்டுகள் பரவின. இவை அதிகம் நசுங்குவதில்லை. பெரும்பாலும் மறு இறுக்கம் கேட்பதுமில்லை. கேளாத இடத்தில் பழைய வழக்கப்படி மீண்டும் இறுக்குவது கெடுதலே.

போல்ட் நீளமாக இருந்தால் இந்தத் தொல்லை குறையும். கேஸ்கெட் 0.05 மில்லிமீட்டர் நசுங்கியது என்க. 100 மில்லிமீட்டர் போல்ட் தன் நீட்சியில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். அதே விசையில் பாதி நீட்சியே பெற்ற 50 மில்லிமீட்டர் போல்ட்டோ ஐந்தில் இரண்டு பங்கை இழந்துவிடும். ஹெட்டின் உச்சி முதல் பிளாக்கின் ஆழம் வரை ஓடும் நீண்ட போல்ட்டுகளைக் காணும்போது எஃகை வீணாக்கியிருக்கிறார்களே என்று எண்ணாதீர்கள்.

நடுவிலிருந்து தொடங்கும் வரிசைக்கும் காரணம் இதுவே. கேஸ்கெட் நடுவிலிருந்து ஓரங்களை நோக்கிப் படிந்துகொண்டே போக வேண்டும். ஓரங்களை முதலில் இறுக்கினால் நடுப்பகுதி சற்றே தூக்கி நிற்கும். பிறகு நடுவை எவ்வளவு இறுக்கினாலும் ஹெட் வளையுமே தவிரச் சீராகப் படியாது. ஒரு போல்ட்டை இறுக்கும்போது பக்கத்துப் போல்ட் தளர்வதும் உண்டு. கேஸ்கெட் அங்கே நசுங்கியிருக்கும் அல்லவா? படிப்படியாகப் பல சுற்றுகள் வருவது அதற்காக. கழற்றும்போது எதிர்வரிசை: ஓரங்களிலிருந்து நடுவுக்கு, அதுவும் எஞ்சின் நன்கு ஆறியபின். திருப்பிய கோணத்தை மறக்காமலிருக்க ஒவ்வொரு போல்ட் தலையிலும் வண்ணப் புள்ளி வைப்பது பழைய வழக்கம்; நல்ல வழக்கமும்கூட.

பெரிய கப்பல்களின் டீசல் எஞ்சினில் இந்தக் கவலைகளில் பலவற்றுக்கு இடமே இல்லை. அங்கே சிலிண்டர் மூடியைப் பிடிக்கும் ஒவ்வொரு ஸ்டட்டின் மேலும் ஒரு நீரியல் ஜாக்கியை மாட்டி, எண்ணெய் அழுத்தத்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நேராக மேலே இழுத்து நீட்டுகிறார்கள். எண்ணெயின் அழுத்தத்தை ஜாக்கியின் பரப்பால் பெருக்கினால் இழுவிசை கிடைத்துவிடுகிறது. முறுக்குவதே இல்லாததால் உராய்வுக்குப் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. ஸ்டட் நீண்டு நிற்கும்போது நட்டுக்கும் மூடிக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தோன்றும். ஒரு சிறு கம்பியை நட்டிலுள்ள துளையில் செருகி, அது மூடியில் தொடும்வரை கையாலேயே திருப்பிவிடுகிறார்கள். பிறகு எண்ணெயின் அழுத்தத்தை இறக்குகிறார்கள். நட்டுகள் தம் இடத்தில் அமரும்போது இழுவிசையில் சிறு பகுதி குறைந்துவிடும் என்பதால், அந்த அளவையும் சேர்த்தே முதலில் அழுத்தம் ஏற்றியிருப்பார்கள்.